அனுமதிக்கப்பட்ட பிழை

வாருங்கள். கையிலிருக்கும் வேலையைக் கீழே வைத்துவிட்டு வாருங்கள். ஒரு சிறைச்சாலையின் வாசலில், செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி வெயிலில், ஆறு இரும்புக் கற்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் பத்துக் கிலோ. பக்கத்தில் ஒரு மனிதர் நின்ற இடத்தில் நிற்க முடியாமல் இரண்டடி முன்னும் இரண்டடி பின்னுமாக நடந்துகொண்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை விடியலில் இந்த மதிலுக்குள் ஒருவனைத் தூக்கிலிடப் போகிறார்கள். அவனை நிறுக்கும் தராசு சரியானது என்று முத்திரை குத்த வந்தவர் இவர். நடக்கப்போகும் அநியாயத்தைப் பாருங்கள். பார்த்துவிட்டு, எனக்கொன்றும் தெரியாது என்று பிறகு சொல்லாதீர்கள்.

எடையளவு ஆய்வாளர் என்பது அவருடைய பதவி. அந்தப் பதவியைச் சொல்லிச் சந்தையில் அவரை அழைத்தவர் எவருமில்லை. எடைக்கல்லைச் சொல்லும் 'படிக்கல்' என்பதுதான் பெயர். "படிக்கல் வருது" என்று முதல் கடைக்காரர் தும்முவதுபோல் சொன்னால், அவர் மூன்றாம் கடையைத் தாண்டுவதற்குள் முப்பதாம் கடையின் கள்ளக் கல் சாக்குக்கு அடியில் ஒளிந்துவிடும். இருபத்தெட்டு வருடங்களில் அவர் கண்டறிந்த உண்மை ஒன்று உண்டு. பெரிய தண்டனைக்கு எந்தக் கடைக்காரரும் பயந்ததில்லை. உரிமத்தையே பறித்தாலும் அடுத்த மாதம் மச்சான் பெயரில் கடை திறந்தார்கள். படிக்கல் எந்த நேரமும் வந்து நிற்பார், வந்தால் கண்டுபிடிக்காமல் போகமாட்டார் என்பதற்குத்தான் பயந்தார்கள். தண்டனையின் அளவு யாரையும் திருத்தவில்லை. தப்ப முடியாது என்ற நினைப்பே திருத்தியது. இது தன் தொழிலுக்கு மட்டும் பொருந்தும் உண்மை என்று அவர் எண்ணியிருந்தார். மதிலுக்கு அந்தப் பக்கம் வேறு நியாயம் இருக்கும், அதைப் படித்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டிருந்தார்.

உள்ளே இருப்பவனை அவருக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். ஏழு வருடங்களுக்கு முன் சந்தையின் பின்புறக் கிடங்கில் திருடப் போன சுமைதூக்கி, காவலுக்கு இருந்தவரைக் கடப்பாரையால் அடித்துக் கொன்றான். அதில் ஐயம் ஏதுமில்லை, அவனே ஒப்புக்கொண்டான். அந்தக் காவல்காரர் ஒவ்வொரு நாளும் படிக்கல்லுக்கு எழுந்து நின்று வணக்கம் வைத்தவர். தூக்கு என்று தீர்ப்பு வந்த அன்று சந்தையில் மிட்டாய் கொடுத்தார்கள். படிக்கல் இரண்டு எடுத்தார். ஒன்றை அங்கேயே தின்றார். மற்றதை மனைவிக்குக் கொண்டுபோனார். பிரசவ வார்டில் செவிலியராக இருக்கும் அந்த அம்மையார், எதற்கு மிட்டாய் என்று கேட்டார். காரணத்தைக் கேட்டதும் தாளோடு சுருட்டி ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டார். எறும்பு வந்து தின்றது.

வாசலில் அவரை நிறுத்தி வைத்திருந்தவர் தலைமை வார்டர். வயிறு முன்னே வர ஆள் பின்னே வரும் உடம்பு. இரும்பு எதுவும் உள்ளே போகக் கூடாது என்பது சிறை விதி என்று மூன்றாம் முறையாக விளக்கினார்.

"கல்லு இல்லாம தராச எப்படிப் பாக்கறது? உங்கள ஏத்தி வெச்சா?"

"என்ன ஏத்துனா தராசு வேலைய விட்டுட்டு ஓடிரும் சார்." வார்டர் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "மூணு வருஷம் முன்னாடியும் நீங்கதானே வந்தீங்க? அப்பவும் கல்ல வாசல்லயே விட்டுட்டு, உள்ள இருந்த அரிசி மூட்டைய வெச்சுப் பாத்து முத்திரை குத்திட்டுப் போனீங்களே. இப்ப மட்டும் என்ன?"

படிக்கல்லின் நடை நின்றது. மறந்திருந்தார் என்று சொல்ல முடியாது. எல்லா ஆய்வாளர்களும் செய்வதுதான் அது. கல் கொண்டுபோக முடியாத இடத்தில், எடை எழுதிய மூட்டையை வைத்துப் பார்ப்பது. முள் அந்த எண்ணைக் காட்டவில்லையென்றால் தராசின் திருகாணியைத் திருப்பிக் காட்ட வைப்பது. ஐம்பது என்று சாக்கில் அச்சிட்டிருந்தது. அரசாங்கக் கிடங்கு அரிசி. நம்பினார்.

இப்போது மட்டும் என்ன என்ற கேள்விக்கு விடை சிறைக் கண்காணிப்பாளரின் கடிதத்தில் இருந்தது. இரண்டு வருடங்களுக்கு முன் இங்கே வேறொருவனைத் தூக்கிலிட்டார்கள். அது 'எதிர்பார்த்தபடி நிறைவேறவில்லை' என்று மருத்துவர் அறிக்கை எழுதியிருந்தார். ஆகவே இம்முறை தராசைச் சோதித்து முத்திரையிட்ட பிறகே தண்டனையை நிறைவேற்ற வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. அந்தக் கடிதத்தைக் காட்டிய பிறகுதான் கற்கள் உள்ளே போயின. கைதிகள் இருவர் அவற்றை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். பின்னால் நடந்த படிக்கல், சட்டைப் பையிலிருந்த முத்திரை அச்சை விரலால் உருட்டிக்கொண்டே போனார்.

மருத்துவ அறையை ஒட்டிய சிறு அறை. நடுவில் ஆள் ஏறி நிற்கும் தராசு. அதன் கழுத்தில் ஈயப் பொட்டு. பொட்டின் மேல் அவருடைய சொந்த எண். ஆறு கற்களையும் ஏற்றினார். அறுபது காட்ட வேண்டிய முள் அறுபத்தாறில் போய் நின்றது. இறக்கிவிட்டு மறுபடி ஏற்றினார். அறுபத்தாறு. மூன்றைக் குறைத்தார். முப்பதுக்கு முப்பத்து மூன்று. தராசு பழுதாகவில்லை. பழுதான தராசு தடுமாறும், ஒரு முறை சொன்னதை மறுமுறை சொல்லாது. இது தடுமாறவே இல்லை. பத்துக்கு ஒன்று கூட்டிச் சொல்லும்படி யாரோ திருகித் திருத்தி வைத்த தராசு. யாரோ என்ன, அவரேதான்.

தூக்கு என்பது எடையை வைத்துக் கயிறு அளக்கும் வேலை. கனத்தவனுக்குக் கயிறு குட்டை, இலேசானவனுக்கு நீளம். எடையைக் கூட்டிச் சொன்னால் கயிறு குறையும். கயிறு குறைந்தால் கழுத்து முறியாது, மூச்சுத்தான் முட்டும்.

"போன தடவ எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று அவர் வார்டரைக் கேட்டார். சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"பதினெட்டு நிமிஷம் சார். ரிப்போர்ட்ல இருக்கு."

அந்த நேரத்தில் அவனை அழைத்து வந்தார்கள். ஒத்திகைக்கு நிறுத்துப் பார்ப்பது வழக்கமாம். மூன்றாம் அறைக்காரன் என்றே எல்லோரும் அவனைச் சொன்னார்கள். நாற்பது வயது இருக்கும். சுமைதூக்கிகளுக்கே உரிய தடித்த பிடரி மட்டும் மிச்சமிருந்தது, மற்றதெல்லாம் ஏழு வருடத்தில் கரைந்திருந்தது. கற்களைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. தெரிந்தவரைப் பார்த்ததுபோல் அவற்றைப் பார்த்தான். பிறகு படிக்கல்லைப் பார்த்தான்.

"நீங்களா சார்? சந்தைல பாத்திருக்கேன். நீங்க வந்தா மூட்டை தூக்கறவனுக்குத்தான் கஷ்டம். ஒளிச்சு வெச்ச கல்லு மேலயெல்லாம் எங்கள உக்காரச் சொல்லுவாங்க."

வார்டர் சிரிப்பை அடக்கினார். படிக்கல்லுக்குச் சிரிப்பு வரவில்லை. கொலைகாரன் என்றால் வேறு குரலில் பேசுவான் என்று எதிர்பார்த்திருந்தார்போலும்.

அவன் ஏறி நின்றான். முள் அறுபத்து நான்கைத் தொட்டது. "பொய்" என்றான் அவன் சாதாரணமாக. "ஐம்பத்தெட்டுக்கு மேல இருக்க மாட்டேன். இந்த மெஷின் பொய் சொல்லுதுன்னு அப்பவே சொன்னேன் சார். மேல்முறையீடு நடந்தப்ப என்ன இந்த ஜெயில் கிடங்குல அரிசி மூட்டை தூக்க விட்டிருந்தாங்க. ஐம்பதுன்னு எழுதின மூட்டை ஒண்ணுல கூட ஐம்பது இல்ல. நாப்பத்தஞ்சு, நாப்பத்தஞ்சரை. இருபது வருஷம் தூக்கின முதுகு சார், இதுக்கு யாரும் முத்திரை குத்த வேணாம். சொன்னதுக்கு அடிதான் விழுந்துச்சு."

 படிக்கல்லின் மனத்துக்குள் கணக்கு தானாக ஓடியது. ஓடாமல் நிறுத்த அவருக்குத் தெரியவில்லை. நாற்பத்தைந்தரையை ஐம்பது என்று காட்டும்படி திருகினால், அறுபது அறுபத்தாறாகத்தானே காட்டும்? எவனோ ஒரு ஒப்பந்தக்காரன் கைதிகளின் சோற்றில் மூட்டைக்கு நாலரைக் கிலோ திருடினான். அந்தத் திருட்டு அரிசியிலிருந்து சாக்குக்கும், சாக்கிலிருந்து தராசுக்கும், தராசிலிருந்து கயிற்றுக்கும் போய், முன்பின் தெரியாத ஒருவனைப் பதினெட்டு நிமிடம் தொங்க விட்டது. வழியெல்லாம் அதற்கு முத்திரை குத்தி அனுப்பி வைத்தவர், ஒரு குன்றிமணி குறைந்தாலும் விடமாட்டார் என்று சந்தை நடுங்கும் படிக்கல்.

கண்காணிப்பாளர் கொடியவர் அல்லர். அதை முதலில் சொல்லிவிட வேண்டும். மேசையில் இரண்டு மூக்குக் கண்ணாடிகளும் பாதி குடித்த தேநீரும் வைத்திருந்த, தூக்கம் கெட்ட மனிதர். தவறு தன்னுடையது என்று படிக்கல் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு, அதனால் என்ன, இப்போது திருத்திவிட்டால் போயிற்று என்றார். தவறியவருக்கு விளக்கம் கேட்டுத் துறை ஒரு தாள் அனுப்பும், பதில் எழுதினால் தீர்ந்தது. யாருக்குத்தான் தவறு வராது?

"எனக்கு வந்தா திருத்திக்கலாம்" என்றார் படிக்கல்.

கண்காணிப்பாளர் அதன் பொருளைப் புரிந்துகொண்டார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிதானமாகப் பேசினார். "எனக்கு மட்டும் ஆசையா சார்? நீங்களும் நானும் வேணாம்னு சொன்னா இது நிக்கப் போறதில்ல. நடக்கத்தான் போகுது. நடக்கறது வலியில்லாம நடக்கட்டும். அதுக்குத்தான் உங்களக் கூப்பிட்டேன். சரியா நிறுத்துக் குடுங்க. அவனுக்கு நாம செய்யக்கூடிய ஒரே நல்லது அதுதான்."

படிக்கல் தராசு இருந்த அறைக்குத் திரும்பினார். ஒரு மணி நேரத்தில் திருகைச் சரிசெய்தார். அறுபதுக்கு அறுபது. முப்பதுக்கு முப்பது. தராசு இப்போது சத்தியமே பேசியது. பழைய ஈயத்தைப் பெயர்த்துப் புது ஈயம் வைத்தார். முத்திரை அச்சை அதன் மேல் நிறுத்திச் சிறு சுத்தியலை ஓங்கினார். சந்தையில் யோசிக்காமல் விழும் அடி, இங்கே விழ மறுத்தது. வியாழக்கிழமை வந்து படிவத்தோடு முடித்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

வீட்டில் அன்று மாலை அவர் நான்கு முறை காலணியை மாட்டி நான்கு முறை கழற்றினார். மனைவி வேலை முடிந்து வந்து முகம் கழுவுவதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அந்த அம்மையார் ஆறுதல் சொல்லும் ரகம் அல்லர். துண்டால் முகத்தைத் துடைத்தபடியே கேட்டார்.

"ஏங்க, அந்தப் படிவத்துல எதுக்குப் பயன்படுத்தறாங்கன்னு ஒரு கட்டம் இருக்குமே. எங்க வார்டுக் கொழந்தைத் தராசுக்கு வந்தப்ப எழுதினீங்களே. இதுக்கு என்ன எழுதினீங்க?"

பழைய நகலைத் தேடி எடுத்தார். பயன்பாடு என்ற கட்டத்தில், அவருடைய அழகான கையெழுத்தில், 'மருத்துவம்' என்று இருந்தது.

மனைவி அதைப் படித்துவிட்டுத் துண்டைக் கொடியில் போட்டார்.  உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்த சத்தம் மட்டும் வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டது.

அதன் பிறகுதான் படிக்கல் விதிப் புத்தகத்தை எடுத்தார். மனப்பாடமாகத் தெரிந்த அட்டவணைதான். ஆனாலும் விரல் வைத்து வரி வரியாகப் படித்தார். எந்தப் பயன்பாட்டுக்கு எவ்வளவு பிழை அனுமதிக்கலாம் என்று சொல்லும் அட்டவணை அது. பிழையே இல்லாத தராசு உலகில் கிடையாது என்பதை ஒப்புக்கொண்ட நேர்மையான அட்டவணை. தங்கத்துக்கு இவ்வளவு, மருந்துக்கு இவ்வளவு, தானியத்துக்கு, விறகுக்கு, பழைய இரும்புக்கு. பிறந்த குழந்தையை நிறுக்கும் தராசுக்குக் கூட ஒரு வரி இருந்தது. ஒரு மனிதனைக் கொல்வதற்காக நிறுக்கும் தராசுக்கு எவ்வளவு பிழை அனுமதிக்கலாம்? புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை புரட்டினார். அப்படி ஒரு வரி இல்லை. எழுதியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எலிப்பாஷாணத்தைக் கூட மறக்காதவர்கள். எழுதக் கை வராமல் விட்டிருக்கிறார்கள்.

புதன்கிழமை அவர் சந்தைக்குப் போனார். ஆய்வுக்கு அல்ல; கால் தானாக இழுத்துப் போயிற்று. கொலையுண்ட காவல்காரரின் மனைவி அங்கே தள்ளுவண்டியில் காய்கறி விற்கிறாள். அவளுடைய கைத்தராசு மட்டும் அவர் ஒரு நாளும் குறை காணாத தராசு. வெள்ளிக்கிழமை என்பது அவளுக்கும் தெரிந்திருந்தது. சிறையிலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

தராசு பொய் சொன்ன கதையைச் சொல்லி, தன் முத்திரை விழாவிட்டால் வெள்ளிக்கிழமை நடக்காமல் போகலாம் என்று அவர் மென்று விழுங்கிச் சொல்லி முடித்ததும், அவள் தராசைக் கீழே வைத்தாள்.

"எங்க வீட்டுக்காரர் மண்டைல அடிச்சப்ப அவன் எந்த முத்திரைய சரி பாத்தான் அண்ணே?"

அவர் அவளுடைய கைத்தராசையே பார்த்தார். 

"ரெண்டு பொண்ணுங்கள வெச்சுக்கிட்டு ஏழு வருஷமா இந்த வண்டியத் தள்ளறேன். அவன் உள்ள உக்காந்து திங்கறான். நீங்க என்னடான்னா நாலு கிலோ குறையுது, ஆறு கிலோ கூடுதுன்னு வந்து நிக்கறீங்க. தீர்ப்பு வந்த அன்னிக்கு மிட்டாய் தின்னீங்களே, அப்ப எங்க போச்சு இந்தக் கணக்கெல்லாம்?"

அந்தக் கேள்வி பக்கத்துத் தள்ளுவண்டிகளுக்கும் கேட்டது. தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்த ஒருத்தி கையை நிறுத்தினாள். படிக்கல் அங்கிருந்து போகவில்லை. ஒரு வாடிக்கையை அனுப்பிவிட்டு, போன முறை தூக்கில் போட்டவன் சாக எவ்வளவு நேரம் ஆயிற்று என்று அவளாகவே கேட்டாள். அவர் சொன்னார்.

அவள் ஒரு வெண்டைக்காயை எடுத்து நுனியை ஒடித்தாள். இன்னொன்றை எடுத்து ஒடித்தாள். விற்க வேண்டிய காய் என்பதை மறந்து ஒடித்துக்கொண்டே இருந்தாள். "எங்க வீட்டுக்காரரும் விடியற வரைக்கும் உயிரோடதான் கெடந்தாராம்" என்றாள் கடைசியில். "கெடங்குக்காரன் கேட்டைத் தொறந்து பாத்திருந்தா பொழைச்சிருப்பாரு. அவன யாரும் ஒண்ணும் கேக்கல. வெள்ளிக்கெழமை முடிஞ்சா இனி என்னையும் யாரும் ஒண்ணும் கேக்க வரமாட்டாங்க. நியாயம் கெடச்சிருச்சும்மா, போ அப்படின்னுருவாங்க. எனக்கு அவன் சாவறதும் வேணும் அண்ணே. ஆனா அதோட எல்லாம் தீந்துச்சுன்னு சொன்னா, அது எனக்கு ஒத்து வராது."

மன்னித்துவிட்டாள் என்று எண்ணிவிடாதீர்கள். மன்னிக்கவில்லை, மன்னிக்கச் சொல்லும் உரிமை நமக்கில்லை. ஒடித்த காய்களைக் கூடையின் அடியில் தள்ளிவிட்டு, வேறு வாடிக்கை பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் படிக்கல் கண்காணிப்பாளரின் மேசை முன் படிவத்தை விரித்தார்.  தராசின் வகை எழுதினார். சோதித்த எடைகளை எழுதினார். மூன்று வருடங்களுக்கு முன் தாம் அரிசி மூட்டையை வைத்துத் தவறாக முத்திரையிட்டதையும், அந்தத் தராசால் ஒருவர் பதினெட்டு நிமிடம் துன்புற்று இறந்ததையும் குறிப்புப் பகுதியில் எழுதினார். பிறகு பயன்பாடு என்ற கட்டத்துக்கு வந்தார். 'ஒரு மனிதனைத் தூக்கிலிடக் கயிற்றின் நீளத்தைக் கணக்கிடுதல்' என்று எழுதினார். அதற்கடுத்த கட்டம், அனுமதிக்கப்பட்ட பிழை. அதை நிரப்பவில்லை. 'அட்டவணையில் இல்லை' என்று ஓரத்தில் எழுதிக் கையொப்பமிட்டார்.

கண்காணிப்பாளர் படித்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தார். எடையளவுத் துறையின் துணை இயக்குநர் மறுமுனையில் இருந்தார். ஒலிபெருக்கி தேவைப்படாத குரல் அவருக்கு. விவரத்தைக் கேட்டுவிட்டுப் படிக்கல்லிடம் அவர் பேசியது அறை முழுவதும் கேட்டது.

"மருத்துவம்னு எழுதுய்யா. அது பிடிக்கலன்னா சமையல்னு எழுது. யாரு பாக்கப் போறா? ரிட்டயராக ரெண்டு வருஷம் வெச்சுக்கிட்டு எதுக்குய்யா இந்த வீம்பு?"

"எழுதறேன் ஐயா. அந்தப் பிழைக் கட்டத்துக்கு மட்டும் நீங்க ஒரு எண் சொல்லுங்க. எவ்வளவு தப்பினா பரவால்ல? ஒரு கிலோ? அரைக் கிலோ? எழுத்துல அனுப்புங்க. இந்த நிமிஷமே முத்திரை குத்தறேன்."

  துணை இயக்குநர் இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

வேறு ஆய்வாளரை அழைத்து முத்திரை வாங்குவேன் என்று கண்காணிப்பாளர் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, களைப்பாகச் சொன்னார். தாராளமாக அழையுங்கள், அவரும் இந்தக் கட்டத்தைத் தாண்டித்தான் போக வேண்டும் என்றார் படிக்கல். தராசு சரியாகத்தானே இருக்கிறது, நீங்களே சரிசெய்தீர்களே என்று கண்காணிப்பாளர் கேட்டார்.

"தராசு சரியாத்தான் இருக்கு. அது எத்தனை கிலோன்னு மட்டும்தான் சொல்லும். தொங்க விடலாமா வேணாமான்னு சொல்லாது. நான் முத்திரை குத்தினா, அதுவும் சொன்ன மாதிரி ஆயிடும்."

சந்தையில் கள்ளத் தராசுகளில் கட்டும் சிவப்புச் சீட்டு ஒன்றைப் பையிலிருந்து எடுத்தார். 'பயன்படுத்தத் தடை' என்று அச்சிட்டது. அதை, இருபத்தெட்டு வருடங்களில் அவர் தொட்டவற்றிலேயே மிகச் சரியாக நிறுக்கும் அந்தத் தராசின் கழுத்தில் கட்டி முடிச்சிட்டார்.

கற்களை வாசல் வரை தலைமை வார்டரே தூக்கி வந்தார். ஒவ்வொன்றாக, ஆறு நடை. மூச்சு வாங்கியது. கடைசிக் கல்லை வண்டியில் வைத்தவர், அதன் மேல் கையை ஊன்றியபடி நின்றார்.

"பதினெட்டு இல்ல சார்" என்றார். "இருபத்தாறு. ரிப்போர்ட்ல கொறைச்சு எழுதச் சொன்னாங்க. நாந்தான் கைக்கடிகாரம் பாத்துக்கிட்டு நின்னேன்."

வெள்ளிக்கிழமை விடிந்தது. முத்திரையில்லாத தராசால் யாரையும் நிறுக்கக் கூடாதென்று மேலிடமே எழுதியிருந்ததால், அந்த விடியலில் எவனும் தூக்கிலிடப்படவில்லை. மதியத்துக்குள் படிக்கல்லைப் பணியிடை நீக்கம் செய்த தாள் வந்தது. அடுத்த ஊர் ஆய்வாளர் வந்தார். சிவப்புச் சீட்டையும் படிவத்தையும் படித்துவிட்டு, எனக்கு இதில் அதிகாரமில்லை என்று எழுதிவிட்டுப் போனார். படிவம் துணை இயக்குநரிடம் போயிற்று. அவர் கருத்தெதுவும் எழுதாமல் இயக்குநருக்கு அனுப்பினார். இயக்குநர் அமைச்சகத்துக்கு அனுப்பினார். இன்றும் அது ஏதோ ஒரு மேசையில் இருக்கிறது. எல்லோரும் கையொப்பமிட்டிருக்கிறார்கள். அந்த ஒரு கட்டத்தை மட்டும் எவரும் நிரப்பவில்லை.

மூன்றாம் அறைக்காரன் இன்னும் மூன்றாம் அறையில்தான் இருக்கிறான். கிடங்கில் மறுபடி மூட்டை தூக்கக் கேட்டிருக்கிறானாம். சாக்குகளைத் தன் முதுகில் நிறுத்துக் குறையைச் சொல்வதாகவும், இந்த முறை அடிக்காமல் எழுதிக்கொள்ளும்படியும் கண்காணிப்பாளருக்கு மனுக் கொடுத்திருக்கிறான். படிக்கல் வீட்டுக்குள் நடக்கிறார். கதவுக்கும் ஜன்னலுக்குமாக நடக்கிறார். தொங்கியவனின் இருபத்தாறு நிமிடங்களுக்கு அவருக்கு என்ன தண்டனை என்று எந்த மன்றமும் இதுவரை கேட்கவில்லை. அந்த மனிதனின் வீட்டைத் தேடிப் போவதற்காகத் தினமும் காலணியை மாட்டுகிறார்; இன்னும் வாசலைத் தாண்டவில்லை. காய்கறி வண்டிக்காரி அவரோடு பேசுவதில்லை.

ஆகவே, இதுவரை உடன் வந்து பார்த்தவர்களே, உங்களைச் சும்மா அனுப்புவதாக இல்லை. தூக்குத்தண்டனை வேண்டும் என்று மேடையில் முழங்குபவர் எவராயினும், உங்கள் தெருவுக்கு வாக்குக் கேட்டு வரும்போது வழிமறித்து அந்த ஒற்றைக் கேள்வியைக் கேளுங்கள்: எவ்வளவு பிழை அனுமதி? சாட்சி தவறலாம், நீதிபதி தவறலாம், அரிசி மூட்டையும் தவறலாம். அந்தக் கட்டத்தில் போடும் எண் என்ன? எழுத்தில் கேளுங்கள். அமைச்சகத்துக்கு ஒரு தாளில் ஒரே வரி எழுதி அனுப்புங்கள். பதில் வராவிட்டால் மறுபடி அனுப்புங்கள். அதே தாளின் பின்புறத்தில் இன்னொரு வரி எழுதுங்கள்: கொலையுண்டவரின் மனைவிக்கும் அந்த இரண்டு பெண்களுக்கும் இந்த ஏழு வருடத்தில் நீங்கள் செய்தது என்ன? இரண்டுக்கும் விடை வரும்வரை ஒரு கயிறும் ஏறக் கூடாது. எழுதுங்கள், இன்றே எழுதுங்கள்.